முகர்ஜியா, சாட்டர்ஜியா? இந்து மகாசபை தந்த இரண்டு எம்.பி.க்கள்

1952 மக்களவைத் தேர்தலில் கல்கத்தா தென்கிழக்கில் ஜெயித்தவர் ஜனசங்கத்தின் சியாமா பிரசாத் முகர்ஜி. ஹூக்ளியில் ஜெயித்தவர் இந்து தேசியவாதக் கட்சியான இந்து மகாசபையின் நிர்மல் சந்திர சாட்டர்ஜி. இருவரும் சட்டம் படித்தவர்கள், இருவரும் மகாசபையின் தலைவராக இருந்தவர்கள். கட்சி கட்டுவதிலும் தனிமனித உரிமையிலும் இவர்களில் யார் மேல்?

முகர்ஜியின் வேகம் அசாத்தியமானது. 33 வயதில் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1941-ல் ஃபஸ்லுல் ஹக் அமைச்சரவையில் வங்காளத்தின் நிதியமைச்சர். 1947-ல் நேரு அமைச்சரவையில் தொழில்துறை. காந்தி கொலைக்குப் பிறகு, மகாசபை மற்ற மதத்தவரையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அரசியலை விட வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை, வெளியேறினார். 1950-ல், சிறுபான்மையினர் பாதுகாப்புக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட நேரு-லியாகத் ஒப்பந்தத்தை எதிர்த்து அமைச்சர் பதவியையும் விட்டார். 1951 அக்டோபரில் அவர் தொடங்கிய ஜனசங்கம் பிறந்தது.

சாட்டர்ஜி மகாசபையிலேயே இருந்தார். அந்தத் தேர்தலில் மகாசபைக்கு 4 இடம், ஜனசங்கத்துக்கு 3. அன்றைய கணக்கில் பழைய கட்சிதான் பெரியது! ஆனால் அது தேய்ந்தது. ஜனசங்கத்தின் வழியில் பாஜக வந்தது. கட்சி கட்டுவதில் முகர்ஜிக்குப் பக்கத்தில்கூட சாட்டர்ஜி வரமாட்டார்.

சரி, தனிமனித உரிமை? 1951-ல் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்திய முதல் அரசியல் சட்டத் திருத்தத்தை முகர்ஜி கடுமையாக எதிர்த்தார். 1953 மார்ச்சில் கூட்டம் கூடுவதற்கு இருந்த தடையை மீறியதற்காக டெல்லியில் இருவருமே கைதானார்கள். காவல் சட்டப்படி நீட்டிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அப்புறம் மே மாதம், அன்று தேவைப்பட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் காஷ்மீருக்குள் நுழைந்த முகர்ஜி மறுபடி கைதாகி, ஜூன் 23 அன்று காவலிலேயே இறந்தார். அவருக்கு வயது 51தான்.

இருந்தாலும் இந்த விஷயத்தில் என் ஓட்டு சாட்டர்ஜிக்கே. கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்ட காலத்தில், கொள்கையில் நேர் எதிரிகளான அவர்களுடைய உரிமைக்காகவும் அவர் நின்றார். தன் ஆட்களுக்காக மட்டும் சுதந்திரம் கேட்பது எல்லோராலும் முடியும். அதேசமயம், பெண்களுக்கு விவாகரத்து உரிமை தந்த இந்து சட்டச் சீர்திருத்தத்தை இருவருமே எதிர்த்தார்கள். உரிமை பேசியவர்கள் அங்கே தவறினார்கள் என்பதை மறைக்க முடியாது.

முகர்ஜியின் தொகுதி 1953 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் சாதன் குப்தாவிடம் போனது. சாட்டர்ஜியோ 1967-ல் பர்துவானில் சுயேச்சையாக, இடதுசாரி ஆதரவுடன் ஜெயித்தார். அவருக்குப் பின் 1971-ல் அதே தொகுதியில் வென்ற மகன் சோம்நாத் சாட்டர்ஜி, பிற்பாடு மார்க்சிஸ்ட் கட்சியின் முன்னணித் தலைவராகி மக்களவை சபாநாயகராகவும் ஆனார்.