ஈரியில் கல்லூரி: கேனனா, மெர்சிஹர்ஸ்டா, பென் ஸ்டேட் பெஹ்ரெண்டா?

பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலையில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது ஈரி நகரம். மக்கள்தொகை சுமார் 95 ஆயிரம்தான். ஆனால் ஊருக்குள்ளேயே கேனன், மெர்சிஹர்ஸ்ட் என்று இரண்டு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஊரை ஒட்டி பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமான பென் ஸ்டேட்டின் பெஹ்ரெண்ட் வளாகமும் இருக்கிறது. அந்தப் பக்கம் வசிக்கும் நம் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. பென் ஸ்டேட் பெரிய பெயர், கட்டணமும் குறைவு. கேனனும் மெர்சிஹர்ஸ்டும் சின்னத் தனியார் இடங்கள், அவற்றுக்கு எதற்கு அவ்வளவு கொட்டிக் கொடுக்க வேண்டும்? இந்த முடிவு சில படிப்புகளுக்குச் சரி. சிலவற்றுக்கு முழுத் தவறு.

நர்சிங், மருத்துவத் துணைப் படிப்புகள் என்றால் என் ஓட்டு கேனனுக்குத்தான். அதற்குக் காரணம் அதன் வேரிலேயே இருக்கிறது. ஈரி மறைமாவட்டம் ஈராண்டுக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் கேனன், அப்போதைய ஆயர் ஜான் மார்க் கேனனின் பெயரைப் பின்னால் பெற்றது. 1925-ல் புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் பெண்களுக்காக வில்லா மரியா கல்லூரியைத் திறந்தார்கள். 1989-ல் அது கேனனோடு இணைந்தது, நர்சிங் பள்ளி இன்றும் வில்லா மரியா பெயரில்தான் நடக்கிறது. ஈரியின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையை 1875-ல் தொடங்கியதும் இதே சபைதான். ஊரின் இன்னொரு பெரிய மருத்துவமனையான யு.பி.எம்.சி. ஹேமட், கேனன் வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரம்.

நர்சிங் மாணவிக்கு இந்தத் தூரம் சாதாரண விஷயம் இல்லை. மருத்துவமனையில் நடக்கும் கிளினிக்கல் பயிற்சி விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஏரிக்காற்று கொண்டுவரும் பனி ஈரியில் எப்படிக் கொட்டும் என்பதற்கு 2017 கிறிஸ்துமஸ் ஒன்றே போதும், அந்த ஒரே நாளில் 34 அங்குலம். அப்படிப்பட்ட ஊரில் நகர மையத்தில் இருப்பதும், ஊருக்கு வெளியே பெஹ்ரெண்ட் பக்கம் இருப்பதும் ஒன்றல்ல.

இன்ஜினியரிங் என்றால் என் விடை மாறிவிடும். பெஹ்ரெண்ட் 1948-ல் வந்தது, ஹேமர்மில் காகித ஆலையை நிறுவிய குடும்பத்தின் மேரி பெஹ்ரெண்ட் தந்த பண்ணை நிலத்தில். ஈரியைச் சுற்றிப் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலைகள் நிறைய. அந்தத் தொழிலுக்கென்றே அங்கே பிளாஸ்டிக்ஸ் இன்ஜினியரிங் டெக்னாலஜி படிப்பும், நிஜ வார்ப்பு இயந்திரங்கள் ஓடும் ஆய்வகமும் உண்டு. மாணவர் கையாலேயே அச்சைப் பொருத்தி, பொருளை வார்த்து, எங்கே பிசகியது என்று பார்க்கலாம். கேனனிலும் அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் படிப்புகள் இருக்கின்றன, மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உற்பத்தித் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளையை நான் பெஹ்ரெண்டுக்குத்தான் அனுப்புவேன்.

மெர்சிஹர்ஸ்ட் 1926-ல் இரக்கத்தின் சகோதரிகள் சபை தொடங்கியது. ஆண்களைச் சேர்த்தது 1969-லிருந்துதான். 1992-ல் முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி ராபர்ட் ஹைபெல் அங்கே உளவுத் தகவல் ஆய்வுக்கென்று ஒரு படிப்பைக் கொண்டுவந்தார், அமெரிக்காவிலேயே அப்படி வந்த முதல் இளங்கலைப் படிப்பு. தடயவியல் மானுடவியலிலும் அதற்கு நல்ல பெயர். இந்த இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்றால் வேறு எங்கும் பார்க்க வேண்டியதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

தனியார் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை அங்கே அநேகமாக யாரும் முழுதாகக் கட்டுவதில்லை. அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகப் பாதிக்கு மேல் கழித்துத் தருகின்றன. பென் ஸ்டேட் அவ்வளவு கழிவு தருவதில்லை. அதனால் இரண்டு இணையதளங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் பெரிய வித்தியாசம், கையில் உதவித்தொகைக் கடிதம் வந்த பிறகு பாதியாகச் சுருங்கிவிடலாம். இன்னொன்று: ஈரி நகரம் ஓஹையோ, நியூயார்க் ஆகிய இரண்டு மாநிலங்களின் எல்லைக்கும் பக்கத்தில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு என்றால் பெஹ்ரெண்டில் வெளிமாநிலக் கட்டணம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்கு அது ஒரே கட்டணம்.

உதவித்தொகைக் கடிதம் வந்ததும் ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஸ்காலர்ஷிப், கிராண்ட் என்று இருப்பது திருப்பித் தர வேண்டாத பணம். தகுதி உள்ள குடும்பங்களுக்கு 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைக்கும் கூட்டாட்சி அரசின் பெல் கிராண்டும் இதில் சேரும், அதை மூன்று இடங்களிலும் பயன்படுத்தலாம். அதே பட்டியலில், அதே எழுத்தில், கூட்டாட்சிக் கடனும் உட்கார்ந்திருக்கும். அதை அடித்துவிடுங்கள். 'வொர்க் ஸ்டடி' என்ற வரியையும் அடித்துவிடுங்கள், வேலை பார்த்தால்தான் அந்தப் பணம் வரும். அப்புறம் மிஞ்சும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்க எவ்வளவு ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் வேதியியலில் தடுமாறி, இரண்டாம் வருடம் பணத்தை இழப்பது நர்சிங் பக்கம் நடக்கக்கூடியதுதான்.

மதத்தைப் பற்றிச் சிலருக்குத் தயக்கம் இருக்கும். இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இறையியல், தத்துவம் போன்ற பாடங்கள் கட்டாயப் பகுதியில் வரும். அவை பாடங்கள் மட்டுமே, திருப்பலிக்குப் போயாக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. லயோலாவிலோ திருச்சி செயின்ட் ஜோசப்பிலோ படித்த வீடுகளுக்கு இது புதிதும் இல்லை.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கல்லூரி நான்கு வருடம் நிற்குமா? கிளீவ்லாந்து பக்கம் 1922-லிருந்து இருந்த நோட்ர் டேம் கல்லூரி 2024-ல் மூடப்பட்டது. சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு இது கஷ்டகாலம்தான். கேனன் இதில் வேறு பக்கம் நிற்கிறது, ஓஹையோவின் உர்சுலைன் கல்லூரியைத் தன்னோடு இணைக்க 2025-ல் ஒப்பந்தம் போட்டது. இணைப்பு பலமா பாரமா என்பது போகப்போகத்தான் தெரியும். ஆனால் அரசு சார்ந்த இடம் என்றால் பயமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். பென் ஸ்டேட் 2027 வசந்தப் பருவத்துக்குப் பிறகு ஏழு வளாகங்களை மூட முடிவெடுத்திருக்கிறது. ஈரிக்குத் தெற்கே இருக்கும் ஷெனாங்கோவும் அதில் ஒன்று. பெஹ்ரெண்ட் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து எடின்பரோ மாநிலப் பல்கலைக்கழகமும் 2022-ல் வேறு இரண்டு பல்கலைக்கழகங்களோடு சேர்க்கப்பட்டு, பென்வெஸ்ட் என்ற பெயருக்குள் போய்விட்டது.

ஆகவே முன்பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். கடந்த மூன்று வருடங்களில் இந்தத் துறையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிமத் தேர்வில் எத்தனை பேர் முதல் முறையிலேயே தேறினார்கள்? நர்சிங் தேர்ச்சி விகிதத்தைப் பென்சில்வேனியா நர்சிங் வாரியமே பொதுவில் வெளியிடுகிறது. துறையில் சொல்லும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.