கல்லூரியா, என்எஃப்எல்லா: பயிற்சியாளர்கள் ஏன் போகிறார்கள், ரசிகர்கள் எதற்குக் கொதிக்கிறார்கள்

அமெரிக்கக் கால்பந்தில் (நாம் உதைத்து ஆடுவது இல்லை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) ஜனவரி வந்தாலே ஒரு வதந்தி கிளம்பிவிடும். கல்லூரி அணியை உச்சத்துக்குக் கொண்டுபோன பயிற்சியாளர், தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போகப்போகிறாராம். சில சமயம் அது உண்மையாகிவிடும். உடனே, “காசைக் கண்டதும் ஓடிட்டான்” என்று ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இரண்டு வேலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு தேறுவது கஷ்டம்.

காசை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குபவர் ஆளுநர் இல்லை, பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு அனுப்பியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை பார்க்காமல் இருப்பதற்கு! பெரிய கல்லூரிகளைப் பொறுத்தவரை பணத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய சமம்தான்.

வித்தியாசம் இருப்பது அன்றாட வேலையில். கல்லூரிப் பயிற்சியாளர் பாதி நேரம் ஆள் பிடிப்பவர். பள்ளி மாணவர்களின் வீடு வீடாகப் போய், அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசி, “உங்க பையனை நான் பார்த்துக்கிறேன்” என்று வாக்குக் கொடுத்து அழைத்துவர வேண்டும். இதில் கெட்டிக்காரராக இருந்தால் நாட்டின் சிறந்த இளைஞர்களில் இருபது பேரை ஒரே ஆண்டில் அள்ளிவிடலாம். என்எஃப்எல்லில் அதற்கு வழியே இல்லை. 32 அணிகள், ஏழு சுற்று டிராஃப்ட் (புதிய வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வு), முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கே முதல் தேர்வு. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பல அணிகளில் யாரை எடுப்பது என்ற கடைசி வார்த்தை பொது மேலாளருடையது. பயிற்சியாளருக்கு மிஞ்சுவது ஆட்டம் மட்டும். சிலருக்கு அது நரகம், சிலருக்கு விடுதலை.

நிக் சேபனுக்கு அது நரகம். 2003 பருவத்தில் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர், 2004 டிசம்பரில் மியாமி டால்ஃபின்ஸ் அணிக்குப் போனார். முதல் பருவம் 9 வெற்றி, 7 தோல்வி. அடுத்து 6 வெற்றி, 10 தோல்வி. இடையில் ட்ரூ பிரீஸ் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எடுக்கும் வாய்ப்பு வந்தது. அவருடைய தோள் காயத்தைப் பார்த்துத் தயங்கிய அணி, டான்டே கல்பெப்பரை எடுத்தது. பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் பின்னாளில் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். கல்லூரியில் ஒருவர் சரிப்படாவிட்டால் அடுத்த ஆண்டு இன்னும் நல்லவராக நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். தொழில்முறையில் ஒரு தவறு ஆண்டுக்கணக்கில் முதுகில் ஏறிக்கொள்ளும். சேபன் 2007 ஜனவரியில் கல்லூரி ஆட்டத்துக்கே திரும்பி, அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கே ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார்.

பீட் கேரல் நேர் எதிர். யுஎஸ்சி எனப்படும் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைவிட்டு, என்எஃப்எல்லின் சியாட்டில் சீஹாக்ஸில் போய் அமர்ந்து நான்கே பருவங்களில் சூப்பர் பவுலை 43-8 என்று வென்றார். ஆனால் அவர் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே இரண்டு என்எஃப்எல் அணிகளை நடத்தியவர். இரண்டும் அவரை வெளியேற்றியிருந்தன. அந்த அடிபட்ட அனுபவம் இல்லாமல், கல்லூரி வெற்றியை மட்டும் நம்பிப் போனவர்களில் பலர் சீக்கிரமே திரும்பி வந்தார்கள். ஃபுளோரிடாவில் கொடிகட்டிப் பறந்த ஸ்டீவ் ஸ்பரியர் என்எஃப்எல்லின் வாஷிங்டன் அணியில் இரண்டே பருவம் தாங்கினார்.

2021க்குப் பிறகு தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்த ஆண்டு முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (அணி மாற விரும்புவோர் பெயர் கொடுக்கும் பட்டியல்) வழியாக அணி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதும் இல்லை. இப்போது கல்லூரிப் பயிற்சியாளர் புதியவர்களைத் தேட வேண்டும், இருப்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் மறுபடி சமாதானப்படுத்த வேண்டும், நன்கொடையாளர்களிடம் கையேந்தவும் வேண்டும். 2024 ஜனவரியில் பாஸ்டன் காலேஜின் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஹாஃப்லி, கிரீன் பே பேக்கர்ஸுக்குத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராகப் போனார். தலைவர் நாற்காலியைவிட்டு உதவியாளர் நாற்காலிக்கு! என்னைக் கேட்டால், இந்த விவாதத்தில் பெரிய பெயர்களைவிட ஹாஃப்லியின் முடிவுதான் அதிகம் சொல்கிறது.

சரி, ரசிகர்களின் கோபத்துக்கு வருவோம். இங்கேயும் ஒப்பிட்டால்தான் விஷயம் பிடிபடும்.

சேபன் மியாமிக்குப் போனபோது எல்எஸ்யூ ரசிகர்களுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் வெறுப்பாக முற்றியது, இரண்டே ஆண்டில் அவர் தங்கள் பரம எதிரிகளில் ஒன்றான அலபாமாவில் வந்து இறங்கியபோது. அதுவும், “நான் அலபாமா பயிற்சியாளர் ஆகப்போவதில்லை” என்று டிசம்பரில் சொல்லிவிட்டு ஜனவரியில். 2008இல் அவர் எல்எஸ்யூவின் சொந்த மைதானத்துக்கே வந்து கூடுதல் நேரத்தில் 27-21 என ஜெயித்துப் போனார்.

ஜிம் ஹார்பா கதை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2023 பருவத்தில் 15-0, தேசியப் பட்டம், பரம எதிரி ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராகத் தொடர்ந்து மூன்றாவது வெற்றி. பட்டம் வென்ற அதே ஜனவரியில் என்எஃப்எல்லின் சார்ஜர்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பின்னால் விதிமீறல் விசாரணைகள் வேறு துரத்திக்கொண்டிருந்தன. இருந்தும் மிச்சிகன் ரசிகர்களில் பெரும்பாலோர் வாழ்த்தியே அனுப்பினார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனார், எதிரி வீட்டுக்கும் போகவில்லை.

கேரல் விஷயத்தில் தேதிதான் உறுத்தியது. யுஎஸ்சியைவிட்டு அவர் போனது 2010 ஜனவரி. ரெஜி புஷ் என்ற வீரர் விதியை மீறிச் சலுகைகள் பெற்ற விவகாரத்தில் இரண்டு ஆண்டு பௌல் தடையும் (பருவ முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களில் ஆடத் தடை), 30 உதவித்தொகை இடங்களின் இழப்பும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தது ஜூனில். தண்டனைக்குப் பயந்து போகவில்லை என்றார் அவர். ஆனால் தண்டனையை அனுபவித்தவர்கள், புஷ் ஆடிய காலத்தில் பள்ளிப் பையன்களாக இருந்தவர்கள். யுஎஸ்சி ரசிகர்களின் கசப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் அதே வாரத்தில் இதைவிடப் பெரிய கொந்தளிப்பு நடந்தது டென்னசியில். கேரலின் காலி இடத்துக்கு டென்னசிப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் லேன் கிஃபின், ஒரே ஒரு பருவத்தோடு டென்னசியைவிட்டு யுஎஸ்சிக்கு ஓடியபோது, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லில் மாணவர்கள் இரவில் திரண்டு மெத்தையைக் கொளுத்தினார்கள். கல்லூரியைவிட்டு என்எஃப்எல்லுக்குப் போவது மேலே போவது. கல்லூரியைவிட்டு இன்னொரு கல்லூரிக்குப் போனால், “நீங்கள் மட்டம்” என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடுகிறது.

இதில் விதிவிலக்கு இல்லாமல் இரு பக்கமும் திட்டு வாங்கியவர் பாபி பெட்ரினோ. 2006 ஜூலையில் லூயிவில் பல்கலைக்கழகத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார். ஆறே மாதத்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குத் தாவினார். அங்கே முக்கிய வீரர் மைக்கேல் விக் நாய்ச்சண்டை வழக்கில் சிக்கியிருக்க, 13 ஆட்டங்களில் 3 வெற்றியோடு, பருவம் முடியும் முன்பே ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வீரர்களுக்குக் கிடைத்தது லாக்கரில் ஒரு சின்னக் கடிதம். லூயிவில் ரசிகரும் அட்லாண்டா ரசிகரும் ஒத்துப்போகும் அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று.

பழைய கோபத்தில் இன்னொரு நியாயமும் இருந்தது. வீட்டுக்கு வந்து வாக்குக் கொடுத்தவர் ராத்திரியோடு ராத்திரியாகப் போகலாம். அவரை நம்பி வந்த பையன் அணி மாறினால் மட்டும் ஓராண்டு ஓரமாக உட்கார வேண்டும். இன்று பையனும் அப்படி உட்காராமலே பெட்டியைக் கட்டலாம். பயிற்சியாளர் கிளம்பினால் பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் போர்ட்டலில் பெயர் கொடுக்கிறார்கள். அதனால் இப்போது ரசிகர் திட்டுவது பையன்களுக்காக என்பதைவிட, அடுத்த பருவத்துக்கு ஆள் இல்லையே என்றுதான்.