வானம் முழுக்கத் துழாவுவதா, கேலக்ஸி கேலக்ஸியாகப் பார்ப்பதா?

குறுகிய காமா கதிர் வெடிப்பு, அதாவது தொலைதூர கேலக்ஸியில் சுமார் இரண்டு நொடிக்குள் முடியும் காமா கதிர் வீச்சு, விட்டுச்செல்லும் ஒளியைத் தேட இரண்டு வழி. வெடிப்பைக் கண்டதும் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி காட்டும் பரந்த வான்பகுதியை முழுக்கப் படமெடுக்கலாம். அதற்கு அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் உள்ள இசட்டிஎஃப் போல 47 சதுர டிகிரியை ஒரே படத்தில் அடக்கும் கேமரா வேண்டும். அல்லது அந்தப் பகுதியில் நமக்கு அருகிலுள்ள கேலக்ஸிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இங்கே மேகம் விலகும் கொஞ்ச நேரத்தில் சில கேலக்ஸிகளையாவது எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுவிடலாம். 2017 ஆகஸ்ட் 17 அன்று சிலியின் 1 மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி இப்படித்தான், வெடிப்பு நடந்து சுமார் 11 மணி நேரத்தில், என்ஜிசி 4993 என்ற கேலக்ஸியில் புதிய ஒளிப்புள்ளியைப் பிடித்தது. 13 கோடி ஒளியாண்டுத் தூரம்! ஆனால் ஒன்று, அன்று வெடிப்போடு சேர்ந்து பதிவான ஈர்ப்பலை (விண்வெளியில் பரவும் ஈர்ப்பு அதிர்வு) தூரத்தையும் சொன்னதால்தான் பார்க்க வேண்டிய கேலக்ஸிப் பட்டியல் சுருங்கியது. தூரமே தெரியாத வெடிப்பென்றால் அகலக் கேமராதான் கதி.