கம்பெனி வைத்திருக்கும் வேட்பாளரா, கம்பெனி பணம் வாங்கும் கட்சியின் வேட்பாளரா?

குளச்சலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே ஒரு பெரியவர் கேட்டார்: "கம்பெனிக்காரன நம்பலாமா மக்களே?"

சொந்தமாக கம்பெனி வைத்திருப்பவரையாவது சோதித்துப் பார்க்கலாம். வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் அவர், மனைவி, சார்ந்திருப்போர் பெயரில் உள்ள பங்குகள், கடன்கள், அரசு ஒப்பந்தங்கள் எல்லாம் இருக்க வேண்டும். பொய் என்றால் வழக்குப் போடலாம். தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் படிக்கலாம். நான் ஒவ்வொரு தேர்தலிலும் படிக்கிறேன்.

கம்பெனி பணம் வாங்கும் கட்சியின் வேட்பாளர் கையில் ஒரு பங்குகூட இல்லாமல் இருக்கலாம். சரி, கட்சிக்குக் கொடுத்தது யார்? 2017-இல் ஒரு நிறுவனம் தன் மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கலாம் என்ற வரம்பை எடுத்தார்கள். அப்புறம் வந்த, வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரத்தில் கொடுத்தவர் பெயரே வாக்காளருக்குத் தெரியாமல் இருந்தது. 2024 பிப்ரவரி 15-இல்தான் உச்ச நீதிமன்றம் வரம்பை எடுத்ததையும் பத்திரத் திட்டத்தையும் ரத்து செய்தது.

பெரியவரிடம் சொன்னேன்: எனக்கு இரண்டாமவர் மேல்தான் அதிக சந்தேகம்.