ஊட்டியில் ஒயின் குடிக்க வராந்தாவா, கணப்போரமா?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர் இரவில் வராந்தா 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். வெள்ளை ஒயினுக்கு அது தோது, ஐஸ் வாளியே வேண்டாம். மேகம் இறங்கும் பள்ளத்தாக்கு எதிரே இருந்தால் சுமாரான பாட்டில்கூட ருசிக்கும். சிவப்போ 16–18 டிகிரி கேட்கும். குளிர்ந்தால் மணம் அடங்கி, பச்சை வாழைப்பூவைக் கடித்தாற்போல் துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். கிளாஸை இரு கையாலும் பொத்திப் பிடித்துச் சில நிமிடம் பொறுங்கள்.

கணப்போரம் சிவப்புக்குச் சுகம்தான். ஆனால் பாட்டிலைத் தீயருகே வைத்தால் கெட்டது: 20 டிகிரி தாண்டினாலே சாராய நெடி முந்திக்கொள்ளும். ஆறடி தள்ளி வையுங்கள். ஈரமான கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு வேண்டவே வேண்டாம். அந்தப் புகையில் ஒயின் மணம் காணாமல் போகும். நன்றாகக் காய்ந்த சீகை (வாட்டில் மரம்) விறகு பரவாயில்லை.