அக்காவின் இடியப்பக் கடைக்கு லைசென்ஸ்: பிரதேச சபையில் நான் கண்டது

2025 ஜூலைக் கடைசியில் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன், தீர்த்தம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு ரொறன்ரோ திரும்பினேன். திருவிழாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அக்காவின் கடைக்கு லைசென்ஸ் எடுக்க அலைந்த ஐந்து நாளைப் பற்றி, ஏனென்றால் வெளியில் இருக்கிற எங்களில் பலர் ஊரில் உள்ள சொந்தங்களுக்குக் காசை அனுப்பி "ஒரு கடையைப் போடு" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுகிறோம், அதற்குப் பிறகு அவர்கள் எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அக்கா ஆறு வருடமாக வீட்டுக் குசினியில் இடியப்பமும் புட்டும் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுத்து வந்தா. 2025இல் முன் விறாந்தையை அடைத்து றோட்டுப் பக்கம் ஒரு கதவு வைத்து, தானே விற்கலாம் என்று முடிவெடுத்தா. விறாந்தையை அடைக்க நான்தான் காசு அனுப்பினேன். லைசென்ஸ் எடுத்தாச்சா என்று போனில் கேட்டால் "அதை நீ வந்தாப் பிறகு பாப்பம் தம்பி" என்பா. போன பிறகுதான் ஏன் என்று விளங்கியது. காலையில் நாலு மணிக்கு மா குழைக்கிற மனுசிக்கு ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்க நேரம் எங்கே?

முதல் நாளே பிழையான கந்தோருக்குப் போனோம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. செயலகம் அரசாங்கத்தின் கந்தோர், எங்கள் ஊரில் வயதுபோன ஆக்கள் இன்றைக்கும் அதை ஏ.ஜி.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர் என்றுதான் சொல்வார்கள். சபை என்பது நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வது, தவிசாளரும் உறுப்பினர்களும் இருப்பது, றோட்டு, விளக்கு, சந்தை, குப்பை, கடை எல்லாம் அவர்கள் கையில். வியாபாரப் பெயரைப் பதிவதென்றால் செயலகம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு போக வேண்டும். கடை நடத்தும் உரிமம் சபையில். அக்கா கடைக்கு ஒரு பெயர் வைத்துப் பலகையும் எழுதுவித்து விட்டபடியால் இரண்டும் தேவைப்பட்டது. சொந்தப் பெயரிலேயே வியாபாரம் செய்கிறவருக்குப் பெயர்ப் பதிவு தேவையில்லை என்பதைப் பலகைக்குக் காசு கொடுத்த பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

அடுத்த நாள் சபையின் தலைமைக் கந்தோர். ஒன்றரை மணித்தியாலம் கதிரையில் இருந்த பிறகு முன் மேசையில் இருந்த பிள்ளை எங்கள் முகவரியைப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட இடம் உப அலுவலகத்துக்குக் கீழ வருது, அங்கதான் குடுக்க வேணும்" என்றா. மரியாதையாகத்தான் சொன்னா, ஒரு துண்டில் இடத்தையும் எழுதித் தந்தா. ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்னால், வாசலில் எந்த ஊர் எந்த உப அலுவலகம் என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தால் போதுமே என்று எனக்கு மனம் கொதித்தது. எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு ஐயாவும் அதே பதிலைக் கேட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவர் வந்தது ஐந்து மைல் தூரத்தில் இருந்து.

வாசலில் வேறொருவர் நின்றார். கையில் கோப்பு, சட்டைப் பையில் மூன்று பேனை. "லைசென்ஸோ? ஐயாயிரம் தாங்கோ, நான் எல்லாம் பாத்துத் தாறன்" என்றார். சபையின் ஆள் இல்லை, வெளி ஆள். சொந்தக்காரர் ஒருவரும் "தவிசாளர் நம்மட பெடியனோட படிச்சவர், ஒரு கோல் எடுத்தால் முடிஞ்சுது" என்றார். இரண்டையும் வேண்டாம் என்றேன். அப்படி ஒவ்வொருவரும் ஆளைப் பிடித்துப் பிடித்துத்தான், ஆள் இல்லாத ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிப் போகிறார். அக்காவும் "நேராப் போவம்" என்றுதான் சொன்னா.

உப அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் உடனே கிடைத்தது. காணி உறுதிப் பத்திரம் கேட்டார்கள். வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதியது என்றபடியால் உறுதி அவவின் பெயரிலேயே இருந்தது, அதில் பிரச்சினை இல்லை. சோலைவரி, அதாவது வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுகிற வரி, அதன் பற்றுச்சீட்டைக் கேட்டபோதுதான் சிக்கல். சோலைவரி இன்னும் செத்துப்போன அம்மாவின் பெயரில், ஏழு வருடமாகக் கட்டவும் இல்லை. பெரிய காசில்லை, அன்றைக்கே கட்டினோம், பெயர் மாற்றவும் எழுதிக் கொடுத்தோம். வெளியில் இருக்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: ஊரில் ஒரு வளவோ வீடோ உங்கள் பெயரில் அல்லது பெற்றோர் பெயரில் இருந்தால், போகிறபோது சோலைவரியைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சபையில் எந்த வேலைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான்.

அடுத்தது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லாரும் சொல்வது பி.எச்.ஐ. அவர் சபையின் ஊழியர் அல்ல, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். சபை அவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், அவர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும், அந்த அறிக்கை திரும்பச் சபைக்கு வர வேண்டும். இந்தப் போக்குவரத்தில்தான் நாள்கள் கரைகின்றன. எங்கள் கடிதம் மட்டும் பணிமனைக்குப் போய்ச் சேர எட்டு நாள் எடுத்தது, இரண்டு கந்தோருக்கும் இடையில் நடந்துபோகிற தூரம்தான்.

வந்த பி.எச்.ஐ. இளம் ஆள். மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியில் விட்டுவிட்டு வந்தவர் குசினியைக் கேட்கவில்லை, "கிணறு எங்க இருக்கு அக்கா?" என்றார். முதலில் காலடியால் அளந்தார், பிறகு நாடாவை எடுத்து என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இருக்க வேண்டுமாம், எங்களுக்கு 58 இருந்தது. யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றுவது வெடிப்புகளுக்குள்ளால் கெதியாகக் கீழே போய்விடும், எங்களுக்குக் குடிக்க நிலத்தடித் தண்ணீரை விட்டால் வேறு வழி குறைவு, ஆகவே அவர் கிணற்றில் தொடங்கியது சரி. கிணற்றுக் கட்டின் ஒரு பக்கம் சீமெந்து வெடித்திருந்தது. குந்தி இருந்து அந்த வெடிப்பில் விரலை வைத்து இழுத்துக் காட்டி, "பாத்திரம் கழுவுற தண்ணி இதாலதான் திரும்ப உள்ள போகுது" என்றார். முப்பது வருடமாக அந்தக் கட்டில் நின்று குளித்த எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

குசினியில் நீலநிற இடியப்பத் தட்டுகளைக் கண்டதும் தலையை ஆட்டினார். இலங்கையில் 2023 ஒக்ரோபர் 1 முதல் தடைசெய்த பிளாஸ்டிக் சாமான்களில் இடியப்பத் தட்டும் ஒன்று, உறிஞ்சிக் குடிக்கிற குழாய், தேநீர் கலக்குகிற குச்சி, கரண்டி, முள்ளுக்கரண்டி, பூமாலை இவற்றோடு சேர்த்து. அக்கா வைத்திருந்தவை அதற்கு முதல் வாங்கியவை. கொதி ஆவியில் தினமும் வேகிற பிளாஸ்டிக்கை அவர் ஒதுக்கச் சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா சொன்னதும் நியாயம்தான். ஈர்க்குத் தட்டென்றால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்க்க வேண்டும், வெயிலில் நல்லாகக் காயவிடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், மாரியில் என்ன செய்வது என்று கேட்டா. அவர் கோபப்படாமல், இரண்டு சோடித் தட்டு வைத்து மாறி மாறிப் பாவிக்கச் சொன்னார், மாரியில் அடுப்புக்கு மேல் கட்டிக் காயவிடலாம் என்றார். அறுபது தட்டு வாங்கினோம்.

வலை இல்லாத ஜன்னல், மூடி இல்லாத குப்பைவாளி, அக்காவுக்கும் உதவிக்கு வருகிற பிள்ளைக்கும் மருத்துவச் சான்றிதழ், தண்ணீர்ப் பரிசோதனை என்று ஏழு விசயம் எழுதித் தந்தார். ஒன்றும் அநியாயம் இல்லை. நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன், அங்கே பரிசோதகர் வந்து போனால் கதவில் பச்சை அட்டை தொங்கும், மஞ்சள் என்றால் முதலாளிக்கு நித்திரை வராது. அங்கே வந்தவர்களை விட இவர் கூடக் கவனமாகப் பார்த்தார் என்று மனதாரச் சொல்வேன். தவறினால் உணவுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வரைக்கும் போகலாம் என்பதையும் சொன்னார், வெருட்டுவது போலச் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் உரிமக் கட்டணம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 1000 ரூபா. அதுதான் உச்சம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் வைத்த அளவு: இடத்தின் வருடாந்தப் பெறுமதி (வரிக்காக மதிப்பிடுகிற வருட வாடகை) 750 ரூபாவுக்குள் என்றால் 500, 1500க்குள் என்றால் 750, அதற்கு மேலே எவ்வளவு போனாலும் 1000. சில தொழில்களுக்கு உரிமம் இல்லாமல் வியாபார வரி மட்டும், அது முந்திய வருட வருமானத்தைப் பொறுத்தது, அதற்கும் உச்சம் 3000 ரூபா. 1987இல் அது பெரிய காசு. இன்றைக்கு அக்கா நூறு இடியப்பம் விற்றால் வருகிற காசு, எங்களுக்குப் போன ஓட்டோக் கூலியே அதைவிடக் கூட. கடைக்காரருக்கு அது நல்லதுதானே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு உரிமத்துக்காக மூன்று பேர் கோப்பு எழுதி, ஒருவர் இடம் பார்த்து வந்து, சபைக்குக் கிடைப்பது 1000 ரூபா என்றால், அதைக் கெதியாகச் செய்ய இன்னொரு ஆளை வைக்கச் சபைக்கு எங்கே வழி? கொஞ்சம் கூடக் கட்டணம் எடுத்து ஒரே கிழமையில் தந்தால் அக்கா சந்தோசமாகக் கட்டியிருப்பா. கூட்டுவதென்றால் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும், அது தவிசாளரின் கையில் இல்லை.

இன்னொரு விசயம், உரிமம் எப்போது எடுத்தாலும் டிசம்பர் 31 உடன் முடியும். ஓகஸ்டில் எடுத்தாலும் முழு வருடக் கட்டணம். கடை தொடங்க நினைப்பவர்கள் ஜனவரியை ஒட்டித் தொடங்குவது நல்லது.

சபை அமர்வு ஒன்றையும் போய்ப் பார்த்தேன். எங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்டபோது, "வாங்கோ, வந்து பின்னால இருங்கோ, ஆர் வாறினம் பாக்க?" என்றா. இந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் தள்ளித் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதிதான் நாடு முழுக்க 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் சபையின் செயலாளர்தான் எல்லாம் பார்த்தார். கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. ஆகவே நான் போனபோது சபைக்கு வயது இரண்டு மாதம்தான், தேங்கிக் கிடந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசப் பார்த்தார்கள்.

கூடுதல் நேரம் போனது சந்தையில்தான். தோட்டக்காரர் 100 கிலோ மரக்கறி கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டு 90 கிலோவுக்குத்தான் காசு கொடுப்பது யாழ்ப்பாணச் சந்தைகளில் பழைய நோய். அப்பாவும் வெங்காயம் கொண்டுபோய் அந்தப் பத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்தான், அவர் சாக்கை உதறி மடித்துக்கொண்டு வருகிறது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு உறுப்பினர், கழிவு எடுக்கிற வியாபாரியின் இடத்தைச் சபை ஏன் திரும்பப் பெறக்கூடாது என்று கேட்டார். சந்தையைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. குத்தகை கொடுத்தாலும் சந்தை சபையினுடையதுதான், நிபந்தனையில் எழுதினால் செய்யலாம் என்று எங்கள் வட்டார உறுப்பினர் எழுந்து சொன்னபோது எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. முடிவெடுக்காமல் அடுத்த அமர்வுக்குப் போட்டார்கள்.

அமர்வு முடிந்து வெளியில் வந்தபோது முன் மேசையில் இருந்த அந்தப் பிள்ளையிடம் ஒரு கடதாசியைக் கொடுத்தேன். சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் எடுக்க என்னென்ன வேண்டும், எந்தக் கந்தோரில், எந்த ஒழுங்கில் என்று என் கையாலேயே எழுதினது: பெயர்ப் பதிவு தேவையா இல்லையா, எந்த ஊருக்கு எந்த உப அலுவலகம், உறுதிப் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, தண்ணீர்ப் பரிசோதனை, மருத்துவச் சான்றிதழ், பி.எச்.ஐ. என்ன பார்ப்பார், கட்டணம், முடிகிற திகதி. ஒரு பக்கம்தான் வந்தது. இதைப் பெரிதாக அடித்து உப அலுவலக வாசலில் ஒட்டுங்கோ, அச்சுக் காசை நான் தாறேன் என்றேன். செயலாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனா.

நான் விமானம் ஏறும்வரை லைசென்ஸ் வரவில்லை. பி.எச்.ஐ. இரண்டாம் தரம் வந்து கிணற்றுக் கட்டைப் பார்த்து ஒப்பமிட்டது நான் வெளிக்கிடுவதற்கு மூன்று நாள் முன்னம். செப்டம்பர் நடுப்பகுதியில் அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினா, சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தா, கீழே முடிவுத் திகதி 31.12.2025. ஜனவரியில் திரும்ப எடுக்க வேண்டும் என்று நினைவூட்டினேன். அதற்கான கடதாசிகள் எல்லாம் ஒரே பையில் இருக்கு, நான் எழுதின பக்கத்தைப் பக்கத்து வீட்டுப் பெட்டை வாங்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்து வைத்திருக்கிறாள், அவளும் வடை சுட்டு விற்கப்போகிறாளாம் என்றா. வாசலில் ஒட்டினார்களோ என்று கேட்டேன். இன்னும் இல்லை, வட்டார உறுப்பினரை ஒருக்காக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, மா குழைக்க நேரமாச்சு என்று போனை வைத்தா.