கியூ கையில் மாட்டினால்: ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நான்கு வருடம்

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் வைத்து ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபிள். அதில் மொத்தம் 100 கட்டைகள். கியூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வந்தாக வேண்டும். அந்த நான்கு யூவும் பலகையில் ஏறிவிட்ட பிறகு கியூ நம் கைக்கு வந்தால் வயிற்றைக் கலக்கும். ஆட்டம் முடியும்போதும் அது கையிலேயே இருந்தால் அதன் 10 புள்ளி நமக்குக் கழியும். முதலில் கட்டைகளைத் தீர்த்தவருக்கு அதே 10 கூடும். எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடியில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தோற்பவர் கோப்பி வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். மூன்று மாதம் தொடர்ந்து நானே வாங்கினேன். அப்புறம்தான் இரண்டு வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்கி, ஆட்டத்துக்கு உதவும் சொற்களை எழுத ஆரம்பித்தேன்.

முதல் நோட்டு வீண். பள்ளிக்கூடப் பழக்கத்தில் கியூவில் தொடங்கும் சொற்கள், இசட்டில் தொடங்கும் சொற்கள் என்று அகராதி வரிசையில் எழுதிவிட்டேன். ஆனால் ஆடும்போது நாம் முதல் எழுத்தையா தேடுகிறோம்? கையில் உள்ள எழுத்து சொல்லின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்தாலும் சரிதான். இரண்டாவது நோட்டில் கியூ முதலில் வருபவை, நடுவில் வருபவை, கடைசியில் வருபவை என்று மூன்றாகப் பிரித்தேன். அன்றிலிருந்து நோட்டு உண்மையிலேயே உதவ ஆரம்பித்தது.

இன்னொரு தவறு, பொருள் எழுதாமல் விட்டது. ஈரெழுத்துச் சொற்கள் மட்டுமே 127 இருக்கின்றன, ஆட்டத்தில் எந்தச் சொல் செல்லும் என்பதற்கு இங்கே நாங்கள் பின்பற்றும் காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில். கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கி, எம்ஆர்டியில் போகும்போதெல்லாம் மனப்பாடம் செய்தேன். இரண்டு மாதத்தில் பாதி மறந்துபோனது. பொருளோடு எழுதியவை மட்டும் ஒட்டிக்கொண்டன. ஏ-ஏ என்றால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை. ஏ-ஐ என்றால் மரத்தில் தொங்கும் மூவிரல் சோம்பேறி விலங்கு (செயற்கை நுண்ணறிவு என்று மகள் அடித்துச் சொன்னாள், அது முதலெழுத்துச் சுருக்கம், செல்லாது). எக்ஸ்-யூ வியட்நாமின் பழைய சில்லறைக் காசு. சி-டபிள்யூ-எம் என்பதில் உயிரெழுத்தே இல்லை, வேல்ஸ் மொழியில் பள்ளத்தாக்கு.

கியூவுக்குப் பின்னால் யூ வராத சொற்களுக்குப் பொருள் எழுதியபோதுதான் ஒன்று புரிந்தது. இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலமே இல்லை. ஃபகீர் நம் பக்கீர்தான். தலாக்கும் நிகாபும் தமிழ் நாளிதழில் வாசித்துப் பழகியவை. காதி என்பவர் நம் முஸ்லிம் நண்பர்கள் சொல்லும் காஜியார். சூக் அரபுச் சந்தை. கனாத் பாரசீகத்து நிலத்தடி வாய்க்கால். காத் ஏமனில் வெற்றிலை மாதிரி மெல்லும் இலை. இத்தனை நாள் இவற்றை ஆங்கில வாத்தியார் கண்ணோடு பார்த்து மிரண்டிருக்கிறேன்!

கியூ-ஐ எல்லாவற்றிலும் சின்னது, அதிகம் காப்பாற்றியதும் அதுதான். அதன் பொருளை அகராதியில் பார்க்கவில்லை. அங்கிள் தினமும் காலையில் புளோக் கீழ்த்தளத்தில் மெதுவாகக் கையை அசைத்துப் பயிற்சி செய்வார். "அந்த மூச்சுக்காற்றுச் சக்திதான் சீ. நீ போட்ட கியூ-ஐ அதுதான்" என்றார். பதிலுக்கு நான் ஒன்று சொன்னேன். கோப்பிக்கடையில் அவர் காலைச் சாப்பாடாக வாங்கும் கஞ்சிக்கு, பலகையில் எழுதியிருக்கும் ஆங்கிலப் பெயர் கான்ஜி, அது எங்கள் தமிழ்க் கஞ்சி என்று. அவர் நம்பவில்லை. அகராதியைத் திறந்து காட்டினேன். அடுத்த வாரம் யாரிடமோ அதைத் தன் கண்டுபிடிப்பு போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தை நம் வீட்டுச் சொற்களுக்கு ஒதுக்கினேன். கட்டுமரம், வெட்டிவேர் இரண்டும் ஆங்கிலத்தில் உண்டு. இட்லி செல்லும். தோசையின் கதைதான் சிரிப்பு: அகராதிப்படி ஒன்று என்றால் தோசா, பல என்றால் தோசை. இதை மனைவியிடம் சொன்னேன். "அப்போ உங்களுக்கு இன்னைக்கு ஒரு தோசாதான்" என்றாள். எல்-ஏ-எச் கூடச் செல்லும். ஆனால் நம் சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'லா'வாக இல்லை, ஸ்வர வரிசையில் வரும் 'லா'வாக. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளுக்கு இதில் தீராத கோபம்.

குறையும் உண்டு. ஆரம்பத்தில் இசட் பக்கத்தை ஓர் அமெரிக்கப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அதில் ஈரெழுத்துக்கு இசட்-ஏ மட்டும்தான், பீட்சாவின் சுருக்கம். அங்கிள் இசட்-ஓ என்று வைத்ததும், அப்படி ஒரு சொல்லே இல்லை என்று துள்ளிக் குதித்துச் சவால் விட்டேன். அது திபெத்தில் மாட்டுக்கும் யாக்குக்கும் பிறக்கும் கலப்பினமாம். காலின்ஸில் இருந்தது. அன்றைக்கும் கோப்பி என் செலவுதான். எந்தப் பட்டியலில் ஆடுகிறோம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மகளின் ஆங்கிலக் கட்டுரைக்கு இந்த நோட்டு உதவியதா என்று கேட்டால், இல்லை. சூக்கையும் கனாத்தையும் வைத்து அவள் என்ன கட்டுரை எழுத முடியும்? பாடத்துக்கான சொற்களுக்கு வேறு வழி பாருங்கள். ஆட்டத்துக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், பொருளோடு கையால் எழுதுங்கள். இப்போது பத்து ஞாயிறில் ஐந்தாறு முறை கோப்பி அவர் வாங்குகிறார்.

மூன்றாவது நோட்டின் தையல் போன மாதம் பிரிந்து, ஜே பக்கம் தனியாக வந்துவிட்டது. அடுத்தது ஸ்பைரல் நோட்டாகத்தான் வாங்கப் போகிறேன்.